கீழே வைக்கும் புள்ளி

கொழிஞ்சாம்பாறையில்
கள்ளுக்கடைக்கும் எங்கள் டி.டி.பி. கடைக்கும்
நடுவே ஒரே சுவர்.
ஒபியாகேலி வந்தது அந்தப் பக்கத்துக்குத்தான்.
திருப்பூரில் பனியன் எடுத்து லாகோசுக்கு அனுப்புகிறவள்.
"எங்கூருப் பனங்கள்ளு ருசி
எல்லை தாண்டினாத்தானுங்க கிடைக்குது" என்பாள்.
ஞாயிறுதோறும் ஒரு வேன் நிறைய வருவார்கள்.

மூன்றாவது ஞாயிறு சுவரைச் சுற்றி வந்தாள்
கையில் ஒரு நோட்டோடு.
இக்போ மொழிக் கதைகள்.
பாதி, அவள் ஊரில் எல்லாரும் சொல்வது.
பாதி, இதுவரை யாரும் சொல்லாதது:
வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
முதுகில் இருப்பது சரக்கா வீடா என்று கேட்டவர்களிடம்
ஆமை மூன்று நாள் வாதாடுகிறது.

அறுபது பிரதி போதும் என்றாள்.
அவர்கள் பிள்ளைகள்
ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சண்டை போட்டு,
இக்போவில் "ம்" மட்டும் கொட்டுதுகளாம்.

சிக்கந்தர் அண்ணன் அட்டைப்படத்தைப் பார்த்து
"ஆமை புகுந்த வீடு..." என்று இழுத்தார்.
"அது வீட்டுக்குங்க. இது கடை."
அட்வான்சை வாங்கிக் கல்லாவில் போட்டார்.

என் கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் தெரியும்,
காதுகுத்து தெரியும்,
மலையாளத்தில் மரண அறிவிப்பு தெரியும்.
அவள் கேட்ட ஓ தெரியவில்லை.
அதன் காலடியில் ஒரு புள்ளி வேண்டுமாம்.
அடித்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக விழுந்தது,
ஆளில்லாத வீட்டு ஜன்னல் மாதிரி.

எங்களுக்குப் புள்ளி தலைமேல் என்றேன்.
வைத்தால் உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
"அய்யோ" என்றாள்.
"எங்களுக்கு வச்சா வாய் இன்னும் கொஞ்சம் தொறக்கும்."

வெறும் புள்ளியாலேயே ஓர் எழுத்தும் உண்டு என்று
ஃ எழுதிக் காட்டினேன்.
எதற்கு என்றாள்.
இப்போதைக்கு ஃபேனுக்கும் ஃபைலுக்கும் என்றேன், கூச்சமாக.
கதைக்கு அவர்கள் சொல்லும் சொல்லை
எழுதச் சொன்னாள்: இஃபோ.
நடுவில் இருந்ததை விரலால் தொட்டாள்.
"மூணு கல்லு அடுப்பு."

முற்றுப்புள்ளியை இறக்கி இறக்கி
ஒவ்வோர் ஓவுக்கும் கீழே நகர்த்தினேன்.
ஆயிரத்து நூற்றுப் பதினான்கு தடவை.
ஒரு சொல்லும் புரியாமல்
ஒரு புத்தகத்தின் ஒவ்வொரு வாயையும் திறந்துவிட்டேன்.

புரூஃபை அவள் நின்றுகொண்டே படித்தாள், உரக்க:
"இஃபோ சாக்பீ!"
சுவருக்கு அப்பாலிருந்து
பத்துப் பன்னிரண்டு தொண்டை: "வோ!"
கூடவே ஒரு குரல், கொஞ்சம் பிந்தி.
அது நம் வேலுச்சாமி, மீன்வறுவல் மாஸ்டர்.

பதினேழாம் பக்கத்தில் நின்றாள்.
ஆக்வா என்று ஒரு சொல்.
இரண்டையும் ஏற்றிச் சொன்னால் அழுகை.
ஏற்றி இறக்கினால் துணி.
இறக்கி ஏற்றினால் முட்டை.
இரண்டையும் இறக்கினால் கட்டில்.
மேலே சாய்த்துப் போட வேண்டிய கோட்டை
நான் அந்தப் பக்கம் சாய்க்காமல்
இந்தப் பக்கம் சாய்த்திருந்தேன்.
புதுத் துணி உடுத்தி விருந்துக்குப் போன ஆமை
அழுகையை உடுத்திப் போயிருந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன்.
இன்னொரு தடவை படித்தாள், மெதுவாக.
பன்னிரண்டு வருசமாகத் துணியை எண்ணி எண்ணிக்
கப்பல் ஏற்றுகிறவள்.
"மாத்திரட்டுமாங்க?"
"மாத்துங்க ஜெசிந்தா. புத்தகத்துல துணிதான்.
இந்தத் தாளை மட்டும் எனக்குக் குடுங்க.
இந்த ஆமையை எனக்கு இன்னும் தெரியாது."
நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை
ஒழலப்பதியிலிருந்து ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை.
திருத்தம் பார்க்க வந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஊர்ப்பெயரின் முதல் எழுத்தடியில் விரல் வைத்தார்.
"இதென்னம்மா, ஒனாவுக்கு மச்சம்?"